பலகை முந்தியா, கம்பளம் முந்தியா?



தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே நம் குடும்பங்களில் ஒரு பேச்சு கிளம்பிவிடும். "இந்த வருஷமாவது வீட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டும்" என்பார்கள். ஒரு வருடம் சாயம் அடிப்போம். இன்னொரு வருடம் திரைச்சீலை மாற்றுவோம். கையில் கொஞ்சம் கூடுதலாகக் காசு புரண்டால், முன்கூடத்துக்குச் சுவரிலிருந்து சுவர்வரை கம்பளம் போடலாமே என்ற ஆசை வரும். கம்பளம் போடுவதென்றால் சுவரடியில் நீளப் பலகையும் அடிக்க வேண்டும். கடையில் இதை ஸ்கர்ட்டிங் என்பார்கள். நாம் சுவரடிப் பலகை என்றே சொல்வோம்.

இங்கேதான் வீட்டுக்குள் வழக்கு ஆரம்பமாகிறது. கம்பளத்தை விரித்துவிட்டு அதன்மேல் பலகையை அடித்தால் ஓரம் மறைந்துவிடும் என்பார் வீட்டுக்காரர். பலகைதான் முதலில் என்பார் மைத்துனர். கடைக்காரரைக் கேட்டால், "எப்படியும் செய்யலாம்" என்று சிரிப்பார். அவருக்கு விற்றால் போதும்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பளம் போடும் அறைக்குப் பலகைதான் முந்தி, கம்பளம் பிந்தி. ஆனால் இவை இரண்டுக்கும் முந்திய வேலை ஒன்று உண்டு. அது சுவரின் அடியைக் குனிந்து பார்ப்பது. இந்த மூன்றையும் வரிசை மாறாமல் செய்தால் போட்ட காசு நிற்கும். வரிசை மாறினால் காசும் போகும், மனமும் நோகும்.

நமக்கு இது ஏன் புதிது?

லயத்து வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. பலகைச் சுவர், சிமெண்டுத் தரை, மிஞ்சினால் ஒரு பிளாஸ்டிக் பாய். சுவரடி அழுக்காகத் தெரியக்கூடாது என்று சிலர் கீழே மட்டும் கறுப்பாகவோ சிவப்பாகவோ சாயம் அடித்து வைப்பார்கள். சுவரடிப் பலகை செய்யும் வேலையையே அந்தச் சாயப்பட்டையும் செய்தது. துடைப்பமும் ஈரத்துணியும் நாற்காலிக் காலும் சுவரில் படாமல் காப்பதும், சுவரும் தரையும் சேரும் இடத்தை மறைப்பதும்தான் அந்த வேலை.

அந்த வீடு நம்முடையதும் அல்ல. வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீடும் போகும். கூரை ஒழுகினால் கிராணியிடம் சொல்வோம். ஆசாரி வரும் நாளில் வருவார். சொந்தமாக வீடு வாங்கி வெளியேறியவர்களுக்கு அந்த ஆசாரி வரமாட்டார். கூரை முதல் சுவரடிவரை எல்லாம் நம் பொறுப்பு. இது சுமை என்று எண்ண வேண்டாம். நாம் அடிக்கும் ஆணி நம் சுவரிலேயே நிற்கும் என்பது நம் பெற்றோருக்குக் கிட்டாத பாக்கியம். அதனால்தான் அதைச் சரியாக அடிக்க வேண்டும் என்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர்கள். சேமநிதிப் பணத்தில் ஒரு மலிவு விலை வீடு வாங்கினார்கள். மகள் கல்யாணத்துக்காக முன்கூடத்தில் சனிக்கிழமை கம்பளம் போட்டார்கள். திங்கட்கிழமை வேறோர் ஆள் வந்து கம்பளத்தின் விளிம்பை அழுத்திப் பலகையை அடித்துவிட்டுப் போனார். கல்யாணத்தன்று எல்லாரும் மெச்சினார்கள். ஆறு மாதத்தில் கூடத்தில் புளித்த வாடை வந்தது. கம்பளத்தைத் தூக்கிப் பார்க்க வழியில்லை. நான்கு பக்கமும் பலகையின் அடியில் அது சிக்கியிருந்தது. பலகையை உடைத்து எடுத்தபோதுதான் தெரிந்தது, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த குளியலறைக் குழாய் கசிந்து சுவரடியே ஊறிப் போயிருக்கிறது. அந்த ஈரத்தைத் தேடிக் கரையானும் வந்து கதவு நிலையைத் தின்றிருந்தது. பலகை, கம்பளம், நிலை மூன்றும் போயின. அந்த அம்மா என்னிடம், "மேலே அழகா இருந்திச்சு வாத்தியாரையா, அதனால கீழே பாக்கணும்னு தோணல" என்றார். வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டிய சொல் இது.

முதலில் குனிந்து பாருங்கள்

ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு அறையின் நான்கு சுவரடியையும் சுற்றி வாருங்கள். மூன்றைக் கவனியுங்கள்.

ஒன்று, சுவரின் ஈரம். சாயம் கொப்பளித்திருக்கிறதா? உப்புப்போல் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா? அப்படியானால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. குளியலறையும் சமையலறையும் ஒட்டியிருக்கும் சுவரில் இன்னும் கவனம் வேண்டும். ஈரம் எங்கிருந்து வருகிறதென்று கண்டு அதை நிறுத்தாமல் அதன்மேல் பலகை அடிப்பது, புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுவதற்குச் சமம்.

இரண்டு, தரையின் ஈரம். இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. இரண்டடிச் சதுரமுள்ள தடித்த பிளாஸ்டிக் தாளைத் தரையில் வைத்து நான்கு ஓரத்தையும் ஒட்டுநாடாவால் இடைவெளி இன்றி ஒட்டுங்கள். ஒரு பகலும் ஓர் இரவும் விட்டுப் பிரியுங்கள். அடியில் நீர்த்துளி இருந்தாலோ சிமெண்டு கறுத்திருந்தாலோ அந்தத் தரை இன்னும் கம்பளத்துக்குத் தயாராகவில்லை. புதிதாகச் சிமெண்டு போட்ட தரையென்றால் பொறுமை வேண்டும். ஓர் அங்குலத் தடிப்பு காய ஏறக்குறைய ஒரு மாதம் என்பது கட்டடக்காரர்கள் கணக்கு. நம் ஊர் ஈரக்காற்றில் அதைவிடக் கூடும்.

மூன்று, கரையான். சுவரடியிலும் கதவு நிலையிலும் பென்சில் தடிப்பில் மண்கோடு ஏறியிருக்கிறதா பாருங்கள். மரத்தை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். உள்ளே பொத்தென்று சத்தம் கேட்டால் சந்தேகப்பட வேண்டும். மண்கோட்டைத் துடைப்பத்தால் தட்டிவிட்டால் கரையான் போய்விடாது. கூடு மண்ணுக்குள் இருக்கும். அது வேறு வழியாக வரும். கரையான் மருந்து அடிக்கும் ஆளை அழைத்து முடித்த பிறகே மரவேலையைத் தொடங்குங்கள்.

பலகை ஏன் முந்துகிறது?

காரணங்கள் மூன்று. பலகை அடிக்கும்போது மரத்தூள் விழும், சுத்தியல் விழும், சாயமும் சொட்டும். வெறும் தரையில் விழுந்தால் துடைத்துவிடலாம். புதுக் கம்பளத்தில் விழுந்த சாயம் எளிதில் போகாது.

அடுத்தது, கம்பளத்தைப் பிடித்து நிறுத்தும் முறை. அறையின் ஓரமெங்கும் மெல்லிய மரச்சட்டத்தைத் தரையில் அடிப்பார்கள். அதில் சிறு ஆணிகளின் நுனிகள் மேல்நோக்கிச் சுவர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். இதைக் கிரிப்பர் என்பார்கள். கம்பளத்தை இழுத்து இந்த ஆணிகளில் மாட்டி, மிஞ்சிய விளிம்பைச் சட்டத்துக்கும் சுவரடிப் பலகைக்கும் நடுவே உள்ள சந்தில் மடக்கிச் செருகுவார்கள். பலகையே இல்லையென்றால் எதை அணைத்துச் செருகுவது?

கடைசிக் காரணம், பின்னாளைப் பற்றியது. கம்பளத்தின் ஆயுள் சில வருடங்கள். பலகை நன்றாக இருந்தால் பல காலம் நிற்கும். பலகை முந்தி அடிக்கப்பட்டிருந்தால், கம்பளத்தை மட்டும் கிளப்பி எடுத்து மாற்றலாம். மூலையைத் தூக்கி அடியைப் பார்க்கவும் முடியும்.

ஆனால் ஒன்று. இந்த வரிசை கம்பளத்துக்கு மட்டும்தான். ரப்பர் பாய் என்று நாம் சொல்லும் வினைல் விரிப்பு, ஒட்டுப் பலகைத் தரை, ஓடு ஆகியவற்றுக்கு வரிசை நேர்மாறு. தரை முதலில், பலகை பிறகு. ஏனெனில் அவற்றின் ஓரத்தை மடக்கிச் செருக முடியாது. பலகைதான் மேலே உட்கார்ந்து வெட்டிய ஓரத்தை மறைக்க வேண்டும்.

தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில்?

பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். பலகையைத் தரையில் ஒட்ட உட்கார வைத்துவிட்டால், தடித்த கம்பளமும் அதன் அடிமெத்தையும் பலகையின் பாதியை விழுங்கிவிடும். ஓரம் செருகவும் இடமிருக்காது. ஆகவே தடித்த கம்பளம் என்றால் பலகையைத் தரையிலிருந்து 10 முதல் 12 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலத்துக்குள், தூக்கி அடியுங்கள். அதே தடிப்பில் இரண்டு மூன்று பிளைவுட் துண்டுகளை வெட்டி அடியில் வைத்து, அதன்மேல் பலகையை நிறுத்தி அடித்துவிட்டுத் துண்டுகளை உருவிக்கொள்ளலாம். பலகை தரையைத் தொடாததால் தரை ஈரம் அதில் நேராக ஏறாது என்பது கூடுதல் நன்மை.

அடிமெத்தை இல்லாமல் பசைபோட்டு ஒட்டும் மெல்லிய கம்பளம் என்றால் இவ்வளவு தூக்க வேண்டியதில்லை. எனவே கம்பளத்தை முடிவு செய்து, அதன் ஒரு துண்டையும் அடிமெத்தைத் துண்டையும் கடையிலிருந்து வாங்கி வந்து, கையில் வைத்துக்கொண்டு உயரத்தைக் குறியுங்கள்.

பழைய வீட்டுத் தரை மேடு பள்ளமாக இருக்கும். பலகை தரையோடு சேர்ந்து வளைந்தால் கண்ணுக்கு உறுத்தும். ரசமட்டம் வைத்து, நூல் பிடித்து, சுவரில் நேர்க்கோடு போட்டு அதன்படி அடியுங்கள். கீழே தெரியும் சிறு வித்தியாசத்தைக் கம்பளம் மறைத்துவிடும்.

கணக்குப் போடுவோம்

வாத்தியார் எழுதும் பகுதியில் கணக்கு இல்லாமல் இருக்குமா? பிள்ளைகளை அழைத்து உட்கார வையுங்கள். அறை 11 அடி நீளம், 10 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 42 அடி. கதவுக்கு 3 அடி கழித்தால் 39. வெட்டுச் சேதாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் ஏறக்குறைய 43 அடி. பலகை 8 அடி நீளத்தில் கிடைக்கிறதென்றால் 43ஐ 8ஆல் வகுத்து, மீதியையும் ஒரு பலகையாகக் கொள்ள வேண்டும். ஆறு பலகை வாங்க வேண்டும்.

கம்பளச் சுருள் பெரும்பாலும் 12 அடி அகலத்தில் வரும். 11 அடிப் பக்கத்தைச் சுருளின் அகலத்தில் வைத்தால், பத்தரை அடி நீளம் வெட்டி வாங்கினால் போதும். நடுவில் ஒட்டே வராது. இதை யோசிக்காமல் அகலம் குறைந்த சுருளை வாங்கினால் கூடத்தின் நடுவே தையல் விழும். எதிரெதிர்ச் சுவர்கள் ஒரே அளவென்று நம்பிவிடாதீர்கள். நான்கையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள்.

பலகையும் மூலையும்

மூன்று அல்லது நான்கு அங்குல உயரப் பலகை நம் வீடுகளுக்கு அழகாகப் பொருந்தும். மெராந்தி மரம் வெட்டவும் இழைக்கவும் இலகுவானது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை மலிவு. ஆனால் தண்ணீர் பட்டால் ஊதிவிடும். தினமும் தரை துடைக்கும் வீட்டுக்கு அது ஏற்றதல்ல. பிளாஸ்டிக்கில் செய்ததைக் கரையான் தின்னாது. எதை வாங்கினாலும் ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்து, முறுக்கு இல்லாததாகப் பொறுக்குங்கள்.

அறைக்குள் மடங்கும் மூலையில் இரு பலகையையும் சாய்வாக வெட்டிச் சேர்ப்பது வழக்கம். நம் சுவர்களின் மூலை சரியான 90 பாகையில் இருப்பது அபூர்வம். அதனால் சந்து விழும். சாதாரணத் தட்டைப் பலகையென்றால் ஒன்றை மூலைவரை விட்டு, மற்றதை அதன்மேல் நேராக முட்ட வைப்பதே நல்லது. மேல்விளிம்பில் வளைவு வேலைப்பாடு உள்ள பலகையென்றால், இரண்டாவது பலகையின் முனையை அந்த வளைவின்படியே மெல்லிய ரம்பத்தால் அறுத்துப் பொருத்த வேண்டும். வெளியே துருத்தும் மூலைக்கு மட்டும் இரு பலகையையும் 45 பாகையில் வெட்டுங்கள். எப்போதும் ஒரு நெல்லளவு கூடுதலாக வெட்டி, உப்புத்தாளால் தேய்த்துக் குறையுங்கள். கூடினால் குறைக்கலாம், குறைந்தால் கூட்ட முடியாது.

செங்கல் சுவரென்றால் இரண்டடிக்கு ஒன்றாகத் துளையிட்டு, பிளாஸ்டிக் பிளக் செருகி, திருகாணியால் முடுக்குங்கள். ஆணித்தலை உள்ளே அமுங்கும்படி முடுக்கி, மேலே புட்டி அடைத்துத் தேய்க்கலாம். மின்சாரப் பொருத்திக்கு நேர் கீழேயும் நேர் மேலேயும் துளையிட வேண்டாம். சுவருக்குள் கம்பி ஓடும் பாதை பெரும்பாலும் அதுதான். சந்தேகமிருந்தால் மின்சாரப் பணியாளரைக் கேளுங்கள். ஓர் உயிரைவிட ஒரு துளை பெரிதல்ல.

சாயம் இரண்டு பூச்சு, பலகையை அடிப்பதற்கு முன்பே. ஆணித்துளை அடைத்த பிறகு மூன்றாவது. அது நன்றாகக் காய்ந்த பின்னரே கம்பளக்காரரை அழையுங்கள். அவர் இழுத்துப் பொருத்தும்போது பலகையில் சிறு கீறல் விழலாம். மிஞ்சிய சாயத்தைத் தூரிகையில் தொட்டு, அடியில் ஓர் அட்டையைச் செருகிக்கொண்டு தடவிவிடுங்கள்.

கதவை மறந்துவிடாதீர்கள். உட்புறம் திறக்கும் கதவு கம்பளத்தில் உரசி நின்றுவிடும். கம்பளத் துண்டைக் கதவடியில் வைத்து முன்கூட்டியே சோதியுங்கள். தேவையென்றால் கதவைக் கழற்றி அடியை இழைத்துவிடுங்கள். கிரிப்பர் சட்டம் அடித்த அறைக்குள், கம்பளம் போட்டு முடியும்வரை, குழந்தைகளை விடாதீர்கள். அந்த ஆணிகள் பிஞ்சுக் காலைப் பதம் பார்த்துவிடும்.

ஆளிடம் கொடுப்பதானால்

பேசியதை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். பலகையை யார் அடிப்பது? சாயம் யார் பொறுப்பு? கதவை யார் இழைப்பது? தட்டுமுட்டுச் சாமான்களை யார் நகர்த்துவது? வெட்டிய கழிவை யார் கொண்டுபோவது? அடிமெத்தையும் விலையில் சேர்த்தியா? முன்பணம் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். முழுப் பணத்தையும் வேலை முடிந்து பார்த்த பிறகே கொடுங்கள். பலகைக்கும் கம்பளத்துக்கும் இரு வேறு ஆட்கள் என்றால், பலகைக்காரர் வேலை முடிந்து சாயமும் காய்ந்த பிறகே கம்பளக்காரருக்கு நாள் குறியுங்கள். வேலை நடக்கும் நாளில் வீட்டில் பெரியவர் ஒருவர் இருப்பது அவசியம்.

எந்த வீட்டுக்குக் கம்பளம் ஆகாது?

மூச்சிரைப்பு உள்ள பிள்ளையோ பெரியவரோ இருக்கும் வீட்டில் கம்பளம் வேண்டாம். நம் ஈரமான தட்பவெப்பத்தில் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் கம்பளத்தில் பெருகி இரைப்பைத் தூண்டும். வெள்ளம் ஏறும் இடத்திலும் வேண்டாம். சாமி அறையிலும் விளக்கு ஏற்றும் மூலையிலும் வேண்டவே வேண்டாம். நைலான் போன்ற செயற்கை இழைகள் நெருப்புப் பட்டால் உருகி எரியும். கற்பூரத்தட்டு ஒருமுறை சாய்ந்தால் போதும். இந்த இடங்களுக்கெல்லாம் ஓடோ ரப்பர் பாயோதான் நல்லது.

இன்னும் தோட்ட வீட்டிலேயே குடியிருப்பவர்களுக்கு ஒரு சொல். அந்த வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம் சொல்கிறது. சுவரடி ஊறியிருந்தால் நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். உங்கள் சேமிப்பைக் கொட்டி, உங்களுக்குச் சொந்தமில்லாத சுவரில் பலகை அடிக்க வேண்டாம். எடுத்துச் சுருட்டிக்கொண்டு போகக்கூடிய பாய் ஒன்று போதும். பணத்தைச் சொந்த வீட்டுக்குச் சேர்த்து வையுங்கள்.

வேலை முடிந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். மிஞ்சிய கம்பளத் துண்டு, ஒரு முழம் பலகை, சாயத்தின் நிற எண், ரசீது ஆகியவற்றை ஒன்றாகக் கட்டி அலமாரியில் வையுங்கள். பழைய பள்ளி நோட்டு ஒன்றில் தேதியையும் அளவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறையின் ஒரு மூலையில் மட்டும் கம்பளத்தை மெல்லக் கிளப்பி, அடியைத் தொட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்தால் மடக்கிச் செருகிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஈரம் பட்டால் அன்றைக்கே ஆளை அழையுங்கள்.